எளிதான லினக்ஸ் எது என்று மதினி கேட்டாள்

என் மதினி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். வெப் சர்வருக்கு, புதிதாகப் படிக்கிறவர்களுக்கு, எந்த லினக்ஸ் சுலபம்? பதில் எனக்குத் தெரியும். செம்பூரில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக சர்வர் பார்க்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் பதிலை விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொன்னேன்.

அண்ணனுக்குத் தாராவியில் தோல் பை செய்கிற பட்டறை. கீழே பட்டறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே வீடு. ஆறு பேர் வேலை செய்கிறார்கள். மதினி நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். இருபது வருஷமாக உள்துணி ஒட்டுவது, பக்கிள் மாட்டுவது, ஆட்களுக்கு டீ போடுவது என்று எல்லாம் அண்ணன் சொல்லி அவள் செய்த வேலைகள்தான். மகள் காலேஜுக்குப் போன பிறகு சயானில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தாள். ஆறு மாதம் கழித்து, பைகளின் மாதிரிப் படங்களை எல்லாம் போட்டு நமக்கென்று ஒரு வெப்சைட் வேண்டும் என்றாள். கடைக்காரர்கள் மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டாம், போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

சர்வரை வாடகைக்கு எடுக்கலாம் என்று நான் சொன்னேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம சரக்கு நம்ம எடத்துலயே இருக்கட்டும்டே" என்றான். என் ஆபீசில் கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து பட்டறை மூலையில் வைத்தோம். தெருவில் இன்டர்நெட் கொடுக்கிற கேபிள்காரன் அதற்கென்று மாறாத முகவரி ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். மிச்சம் இருந்தது அதில் எந்த லினக்ஸைப் போடுவது என்பதுதான்.

"நானே பாத்துக்கிடணும் தம்பி. ஒவ்வொண்ணுக்கும் உங்களக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கக் கூடாது பாத்தியளா. எது லேசா இருக்கும்?" என்று மதினி கேட்டாள். அவளே மேலும் சொன்னாள்: "எங்க க்ளாஸ்ல உபுண்டுன்னு சொல்லுதாங்க."

வகுப்பில் சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள். லினக்ஸ் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம். அதனாலேயே அது ஒன்றாக இல்லாமல் நூறு வகையாகக் கிடக்கிறது. அதில் புதியவர்களுக்கு உபுண்டு நல்லது. நாலு கேள்வி கேட்டுவிட்டுத் தானே ஏறிக்கொள்ளும். என்ன தப்பு வந்தாலும், அதே குழியில் நமக்கு முன்னால் விழுந்து எழுந்த ஒருவன் வழியை எழுதி வைத்திருப்பான். அதில் ஒரு வகைப் பதிப்பை எடுத்தால் ஐந்து வருஷம் கவலையில்லை. வெப்சைட்டை எடுத்துக் காட்டுகிற புரோகிராமான வெப் சர்வரைப் போட்டுவிட்டால், மிஷினை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அதுவும் கூடவே எழுந்துகொள்ளும்.

நான் போட்டது அது இல்லை. நான் ஆபீசில் பெருமைக்கு வைத்துக்கொண்டிருந்த வேறொரு வகை. அது சொன்னால்தான் செய்யும். எழுந்தவுடன் வெப் சர்வரையும் எழுப்பு என்று ஒரு வரி எழுதி வைத்தால்தான் எழுப்பும். எங்கள் ஆபீசில் உபுண்டு வைத்திருப்பவனை மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுகிறவன் என்று கேலி செய்வோம். குறைகுடம் கூத்தாடும் என்பது எங்களைப் போன்றவர்களைப் பார்த்துச் சொன்னதுதான். "அது சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம் மதினி. நம்ம பக்காவா போடுவோம்" என்றேன்.

இன்னொன்றும் இருந்தது, அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. அந்தத் தெருவில் கம்ப்யூட்டர் என்றால் நான்தான். மதினி தானே பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அங்கே எனக்கு என்ன மரியாதை? இப்படி வார்த்தையாக அன்றைக்கு நினைக்கவில்லை. ஆனால் நினைப்பு உள்ளே இருந்தது.

அவள் கஷ்டப்பட்டுத்தான் படித்தாள். ஞாயிறுதோறும் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நான் அடிப்பதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வாள். "இது எதுக்கு தம்பி?" என்பாள். "அது அப்படித்தான் மதினி" என்பேன். நடுவில் சந்தேகம் வந்தால் போன் செய்வாள். முதலில் எனக்கு அது பெருமையாக இருந்தது, பிறகு தொல்லையாகிவிட்டது. ஆனாலும் புதுப் படம் ஏற்றுவது, விலை மாற்றுவது எல்லாம் இரண்டு மாதத்தில் அவள் கைக்கு வந்துவிட்டன. பட்டறையில் அவளுக்கென்று இருந்த ஒரே இடம் அந்த மூலைதான். ஆட்கள்கூட அதை 'அக்கா மிஷின்' என்றார்கள்.

மழைக்காலத்தில் ஒருநாள் கரண்ட் போய் மிஷின் அணைந்துவிட்டது. திரும்ப ஆன் செய்தும் வெப்சைட் வரவில்லை. மதினி போன் செய்தாள். ஆபீசில் இருந்தபடியே இன்டர்நெட் வழியாக அந்த மிஷினுக்குள் போய் வெப் சர்வரைக் கையால் எழுப்பிவிட்டேன். இரண்டு நிமிஷ வேலை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்த ஒரு வரியை நான் எழுதவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போய் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை போனேன், மதினி வைத்த மீன்குழம்பைத் தின்றுவிட்டு மேலே படுத்துத் தூங்கினேன். பிறகு அது மறந்துபோயிற்று.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மதினி போன் செய்தாள். "கார்கானால மிஷின் எல்லாத்தையும் பந்த் பண்ணிப் பொட்டு வைக்கோம் தம்பி. இதையும் அணைக்கலாமா? ஒண்ணும் ஆயிராதே?"

ஆயுத பூஜையன்று பட்டறையில் தையல் மிஷின், தோல் சீவுகிற கத்தி, பஞ்ச், சுத்தியல் என்று எல்லாம் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக இருக்கும். அன்று எதையும் தொட மாட்டார்கள். மறுநாள் தேங்காய் உடைத்துத்தான் வேலை துவங்கும். தன் மிஷினும் அந்த வரிசையில் இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. எனக்கு அது புரிந்தது. "தாராளமா அணைங்க" என்றேன். லோனாவலா மலைக்குப் போக நண்பர்களோடு கிளம்பிக்கொண்டிருந்த அவசரத்தில் வேறொன்றும் தோன்றவில்லை.

பூஜைக்கு மறுநாள் விஜயதசமி. அன்று அந்தேரியில் ஒரு கம்பெனிக்காரர் எங்கள் வெப்சைட்டைப் பார்ப்பதாக இருந்தது. தீபாவளிக்குத் தங்கள் ஊழியர்களுக்குப் பை கொடுக்கப்போகிறார்கள். அந்தத் தொடர்பை மதினிதான், அவளாகவே ஈமெயில் எழுதிப் பிடித்திருந்தாள். அண்ணன் தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். எனக்கும் சொல்லியிருந்தார்கள், நான்தான் தேதியை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

காலையிலிருந்து மதினியிடமிருந்து ஏழு அழைப்பு. போனைப் பார்த்தேன். ஏதாவது சின்ன சந்தேகமாக இருக்கும், லீவு நாளில்கூடவா என்று சலித்துக்கொண்டு பையில் போட்டேன். மதியத்துக்கு மேல் அண்ணன் கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்தேன். "சர்வர் பந்த் ஆயி கெடக்கு. அந்த ஆளு பாத்தா ஒண்ணுமே வரல. வேற எடத்துல சொல்லிட்டானாம். நீ வா" என்றான்.

கிடைத்த ரயிலைப் பிடித்து, பிறகு லோக்கல் ரயில் மாறி சயானில் இறங்கி நடந்தேன். பட்டறையில் ஆறு பேரும் பொரியைக் கொறித்துக்கொண்டு மூலையைச் சுற்றி நின்றார்கள். மிஷின் நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது. மதினி நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, எழுதியிருந்த எல்லாவற்றையும் வரிசையாக அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெப் சர்வரை எழுப்புவது எப்படி என்று நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. நோட்டில் அது எப்படி இருக்கும்? நான் உட்கார்ந்து ஒரு வரி அடித்தேன். வெப்சைட் வந்துவிட்டது.

"என்னடே ஆச்சு இதுக்கு?" என்று அண்ணன் கேட்டான்.

என் தப்பு என்று சொல்ல ஒரு மூச்சு போதும். எட்டுப் பேர் முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பூஜைக்குன்னு அணைச்சிருக்காவ. சர்வர அணைக்கவே கூடாதுண்ணே" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அண்ணன் மதினியைப் பார்த்துத் திரும்பினான். "தெரியாத வேலையில கைய வைக்காதன்னு அன்னைக்கே சொன்னேன்லா? வந்த ஆர்டர கட்பட் பண்ணிக் கெடுத்துட்டு நிக்க. இனிமே தம்பி பாத்துக்கிடுவான். நீ அதத் தொடாத." ஆறு பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

அணைக்கலாமா என்று அவள் என்னிடம் கேட்டுத்தான் அணைத்தாள். அதை அவள் சொல்லப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. என்னை ஒருமுறை பார்த்தாள். நோட்டை மூடிக்கொண்டு ஏணியில் ஏறிப் போய்விட்டாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். கிளம்புவதற்கு முன்னால் அந்த விட்டுப்போன வரியை எழுதி வைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு படம் ஏற்றுவது, விலை மாற்றுவது எல்லாம் நான்தான். மதினி பழையபடி பக்கிள் மாட்டினாள். நான் போனால் சோறு போட்டாள், ஒரு குறையும் வைக்கவில்லை. நானும் தின்றேன், உண்மையைச் சொல்லவில்லை. இப்படிப் பதினோரு மாதம் போயிற்று.

அடுத்த ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது அண்ணன் சொன்னான்: "இந்த வருஷம் கம்ப்யூட்டருக்குப் பொட்டு கிட்டு ஒண்ணும் வேண்டாம். அணைக்காம அது பாட்டுக்கு சாலுலயே கெடக்கட்டும்." உள்துணி ஒட்டிக்கொண்டிருந்த மதினி தலை நிமிரவில்லை. அன்றுதான் எனக்குத் தாங்க முடியாமல் போயிற்று. அவள் மேலே போனதும் பின்னாலேயே ஏறினேன்.

"மதினி, போன வருஷம் அது உங்க தப்பு இல்ல. நான் ஒரு வரி எழுதாம விட்டுட்டேன். அதான் எந்திரிக்கல."

"தெரியும் தம்பி" என்றாள்.

பீரோவிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை எடுத்தாள். மகளுடையது. "இதுல உபுண்டு போட்டேன். வெப் சர்வரும் போட்டேன். பத்து தடவ அணைச்சுப் பாத்தேன், பத்து தடவையும் தானா எந்திரிக்கி. அப்ப அதுல என்னமோ விட்டுப்போயிருக்குன்னு வெளங்கிட்டு. நெட்டுல தேடுனா ஒரு வரிதான்."

"எப்ப பாத்தீய?"

"கார்த்திகையில."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா மதினி?"

"நீங்க சொல்லுவியன்னு இருந்தேன். உங்களக் கேட்டுட்டுத்தான் அணைச்சேன்னும் அன்னைக்கு நான் சொல்லல. அதையும் நீங்க சொல்லுவியன்னுதான் நின்னேன்." லேப்டாப்பை மூடினாள். "இப்ப எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? எனக்குத்தான் தெரியுமே."

ஏணியில் இறங்கினேன். கீழே ஆறு பேரும் வேலையில் இருந்தார்கள், அண்ணன் நடுவில் நின்றான். "என்னடே?" என்றான். "ஒண்ணுமில்லண்ணே, கிளம்புதேன்" என்று வந்துவிட்டேன்.

மறுநாள் ஆபீசிலிருந்து போன் செய்து அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தான். "அட, அதுக்கென்னடே. மனுசன்னா மறக்கத்தான் செய்வான். விடு" என்றான். எனக்கு அவ்வளவு லேசாகக் கிடைத்தது மன்னிப்பு. மிஷினைத் திரும்ப மதினியிடம் விட்டான். அவள் நான் போட்டதை அழித்துவிட்டு உபுண்டுவைப் போட்டுக்கொண்டாள். பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். மதினி மிஷின் முன்னால் உட்கார்ந்து புதுப் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். தோல் வெட்டுகிறவர், ஆறு பேரில் மூத்தவர், கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் வந்தார். மதினிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"நீங்களும் ஒரு கண்ணு வச்சுக்கிடுங்க தம்பி. அக்கா போன தடவ மாதிரி அணைச்சுக் கெடுத்துறாம."

நான் சரி என்று தலையாட்டினேன்.