சுதர்சினியின் மூன்றாவது மீன் தொட்டி

சுதர்சினிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று அவள் தையல் சரிபார்க்கும் பல்லேகல கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். தையல் கோணலாக வந்தால் சட்டையை மேசைக்கே திருப்பி எறிவாள். அவள் பொறுமை காட்டியது ஒரே ஒரு சாமானிடம்தான்: அம்பிட்டிய வீட்டு முன்னறையில் இருந்த மீன் தொட்டி.

அந்தப் பொறுமையும் சும்மா வரவில்லை. முதல் தடவை தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்கி, குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினாள். ஒரு வாரத்தில் எல்லாம் செத்து மிதந்தன. இரண்டாம் தடவை, சுத்தம் முக்கியம் என்று பில்டர் பஞ்சைச் சவர்க்காரம் போட்டு நுரை வரக் கழுவினாள். அதுவும் போச்சு. "கொலைகாரி" என்று புருஷன் திலீபன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் மன்னிக்கவே இல்லை.

மீன் கடை பளீல் நானா வேறு திட்டினார். "தங்கச்சி, அழுக்கத் திங்கிற கிருமி அந்தப் பஞ்சிலதான் வளரணும். அது வளர முந்தி மீன் கேட்டு இந்தப் பக்கம் வராதீங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். மீனே இல்லாத தொட்டியில் அந்தக் கிருமி வளர்வதற்காகத் தினம் ஒரு சிட்டிகைத் தீனியைத் தூவி, பில்டர் மோட்டரை ஓடவிட்டாள். பிறகுதான் ஆறு கப்பி மீன்கள் வந்தன. தீனி ஒரு நாளைக்கு ஒரே தடவை. வாரம் ஒருமுறை கொஞ்சத் தண்ணீரை மட்டும் மாற்றுவாள், அதுவும் முதல் நாளே வாளியில் பிடித்துக் குளோரின் போகவிட்ட தண்ணீர். மீன்கள் கொழுத்தன. "இந்தத் தடவ இதுங்க செத்துச்சுன்னா, தொட்டிய ஒடச்சு ரோட்டுல போட்டுருவேன்" என்று திலீபனிடம் சொல்லி வைத்திருந்தாள்.

அப்போதுதான் கண் கிளினிக்குக்காகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அக்கா ராக்கம்மா வந்து தங்கினாள். தாய் செத்த பிறகு, கொழுந்து பறித்துத் தங்கச்சியை வளர்த்தவள் அவள். மறுநாள் அவளை வீட்டில் தனியே விட்டு இருவரும் வேலைக்குப் போனார்கள்.

சாயந்தரம் வந்து பார்த்தால் தொட்டி கஞ்சியாகக் கலங்கிக் கிடந்தது. அடியில் சோறு. மோட்டர் நின்றிருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"யாரு மோட்டர நிப்பாட்டுனது?"

"நாந்தான். எதுக்குச் சும்மா கரண்டு போகுதுன்னு."

"சோறு?"

"பாவம், வாயத் தொறந்து தொறந்து கேட்டுச்சு. போடப் போட இன்னுங் கேட்டுச்சு. ஒரு நாளைக்கி ஒருவாட்டிதான் தீனியாம்ல? நீயெல்லாம் மனுசியா?"

"அது பசி இல்ல, மூச்சு முட்டுது! அறிவிருக்கா ஒனக்கு?"

தெருவுக்கே கேட்கக் கத்தினாள். கத்திக்கொண்டே மோட்டரைப் போட்டாள், டியூபை வைத்துச் சோற்றை உறிஞ்சி எடுத்தாள், பிடித்து வைத்திருந்த தண்ணீரை மெல்ல ஊற்றினாள். ஒரு மீன் ஏற்கெனவே செத்திருந்தது. மற்றவை தள்ளாடித் தள்ளாடிக் கீழே இறங்கின.

"எனக்குப் பசிக்கும் மூச்சு முட்டுறதுக்கும் வித்தியாசம் தெரியாதுடி" என்றாள் ராக்கம்மா. "சின்னதுல நீயும் இப்பிடித்தான் வாயத் தொறந்துக்கிட்டு நிப்ப. தொறந்தா சோறு போடணும். எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான்."

சுதர்சினி குசினிக்குப் போனாள். சட்டியில் சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. அக்காவுக்கென்று போட்டு மூடி வைத்துவிட்டுப் போன தட்டு மட்டும் காலி.

"மத்தியானம் நீ என்னா தின்ன?"

ராக்கம்மா தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கேக்குறேன்ல?"

"என் பங்கத்தான் அதுங்களுக்குப் போட்டேன். ஒன் சட்டியத் தொட்டா நீ கத்துவ."

சுதர்சினிக்குக் கோபம் தலைக்கேறியது. தட்டு நிறையச் சோற்றை அள்ளிப் போட்டு, குழம்பை ஊற்றி, அக்கா முன்னால் டமாரென்று வைத்தாள். "தின்னு!"

ராக்கம்மா தங்கச்சியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, பயந்தபடியே முதல் பிடியை எடுத்தாள். அந்தப் பயத்தைப் பார்க்கப் பார்க்கச் சுதர்சினிக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.