லெஸ்டர் மென்ற பட்டை

லெஸ்டர் மாக்கா பழங்குடிகளான எங்கள் கடலோர ஊரில் பிறந்தவன்தான். ஆனால் வளர்ந்தது சியாட்டிலில். நாற்பது வயதுக்குமேல் திரும்பிவந்து பள்ளிப் பேருந்து ஓட்டினான். யாரிடமும் எதுவும் கேட்கமாட்டான். கேட்டால் பட்டணத்துக்காரன் என்று சிரிப்பார்களோ என்று பயம்.

அவன் கட்டிக்கொள்ளவிருந்த ரொவீனா தேவதாரு நாரில் கூடை பின்னுகிறவள். கல்யாணத்தில் ஆடுகிறவர்களுக்கெல்லாம் அவளே நாரில் தலைப்பட்டை பின்னினாள். அதற்குச் சிவப்பு ஏற்ற வேண்டும். ஆல்டர் மரப் பட்டையை மென்று துப்பினால் அந்தச் சாயம் கிடைக்கும்.

"பட்டைய நான் கொண்டாரேன்," என்றான் லெஸ்டர்.

"மரம் தெரியுமா ஒனக்கு?"

"தெரியாம என்ன!"

தெரியாது. ஓடைக்கரையில் சாம்பல் நிறத்தில் வழவழவென்று நின்ற ஏதோ ஒரு மரத்தை உரித்தான். சோதித்துப் பார்க்க வாய்நிறைய மென்றான். கசப்பு தாங்கவில்லை. சிவப்பைக் காணோம். விடாமல் மென்றதில் பாதி வயிற்றுக்குள் போய்விட்டது.

மறுநாள் பேருந்து வரவில்லை. ரொவீனாவின் அண்ணன் வின்ஸ் போய்க் கதவைத் தட்டினான். கழிப்பறையிலிருந்து ஈனக் குரல் வந்தது. மேசைமேல் கிடந்த பட்டையைப் பார்த்ததும் வின்ஸ் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

"மாப்ளே, இது கஸ்கரா! மலச்சிக்கலுக்கு ஒரு துளி குடுப்பாங்க. நீ மரத்தையே தின்னுருக்கியே!"

மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ரொவீனா மீன் ரசத்தோடு வந்தாள்.

"என்னக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ சிரிப்பியோன்னு..."

"இப்ப ஊரே சிரிக்குதே, இது பரவால்லையா?"

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தான்.

உடம்பு தேறியதும் இருவரும் ஓடைக்குப் போனார்கள். ரொவீனா ஆல்டர் இலை ஒன்றைப் புரட்டிக் காட்டினாள். அதன் ஓரம் முழுக்க அடிப்பக்கமாக லேசாகச் சுருண்டிருந்தது. கிளைகளில் போன வருடத்துக் குட்டிக் கூம்புக் காய்கள் கறுத்துத் தொங்கின. கத்தியால் பட்டையைக் கீறினாள். வெளுப்பாக இருந்த உட்புறம் அவர்கள் பார்க்கப் பார்க்கவே செம்மஞ்சளாகிச் சிவந்தது.

"அடேயப்பா, ரத்தம் மாதிரில்ல இருக்கு!"

"மெல்லு. முழுங்கித் தொலைக்காத."

நடுவில் ஒரு சட்டியை வைத்துக்கொண்டு இருவரும் மாற்றி மாற்றித் துப்பினார்கள். தாம்பூலம் தரித்தவர்கள்போல வாய் சிவக்கச் சிவக்க வீடு திரும்பியபோது வின்ஸ் எதிரே வந்தான்.

"என்ன, கல்யாணம் முடிஞ்சே போச்சா?"

ரொவீனா சட்டியைக் காட்டி, "கிட்ட வா, ஒனக்கும் பூசி விடறேன்," என்றாள். அவன் ஓடிவிட்டான்.

கல்யாணத்தன்று மழை. கூடத்துக்குள் சிவப்புத் தலைப்பட்டைகள் சுழன்றாடின. லெஸ்டருக்குக் காலடி ஒன்றுகூடச் சரியாக விழவில்லை. ரொவீனா இடுப்பைப் பிடித்துத் திருப்பித் திருப்பி ஆடவைத்தாள். ஆல்டர் விறகின் புகையில் பதமான சால்மன் மீனை வின்ஸ் அள்ளி அள்ளி வைத்தான். மாப்பிள்ளை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான்.