சுவரில் இருந்த ஏரி

அந்தப் புகைப்படத்தில் அண்ணை இடப்பக்கம் கொஞ்சம் சரிந்து நிற்கிறார். ஏரிக்காற்றுக்கு ஒதுங்கி நிற்கிறார் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு மின்விளக்கு சுவிட்ச் இருந்தது. அதை மறைக்க நான்தான் அவரை நகர்ந்து நிற்கச் சொன்னேன்.

ஜெர்மனியின் எசன் நகரில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்தோம், ஒரே இத்தாலிய உணவகத்தில் கோப்பை கழுவினோம். உறவுக்காரர் இல்லை, வயதில் மூத்தவர் என்பதால் அண்ணை. முதலாளியின் ஊர் இத்தாலியின் கோமோ ஏரிக்கரை. உணவகத்தின் ஒரு சுவர் முழுக்க அந்த ஏரியை வரைவித்திருந்தார்: பனி மலைகள், ஏரி இரண்டாகப் பிரியும் முனையில் பெலாஜியோ என்ற ஊர், தண்ணீர்வரை இறங்கும் தோட்டப் படிகள். மத்தியானக் கூட்டம் கலைந்ததும் கதை சொல்லத் தொடங்குவார். ரோமானியப் பிரபுக்கள் கோடைக்கு மாளிகை கட்டியது, பட்டு நெசவால் கோமோ நகரம் பெயரெடுத்தது, பிறகு ஐரோப்பியப் பணக்காரர் எல்லாம் வந்து குவிந்தது. அண்ணை மேசை துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

அண்ணையிடம் இருந்தது டுல்டுங் என்ற கடதாசி. உன்னைத் திருப்பி அனுப்புவதை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம் என்பது அதன் பொருள். அதை வைத்துக்கொண்டு இத்தாலி என்ன, நினைத்தபடி அடுத்த மாநிலத்துக்கே போக முடியாது. இதை ஊரில் இருந்த தாய்க்கு அவர் சொல்லவில்லை. மகன் எங்கே ஒளித்துத் திரிகிறானோ என்று அம்மா சாப்பிடாமல் கிடக்கிறார் எனத் தங்கச்சி சொன்ன பிறகுதான், என் கோட்டைப் போட்டுக்கொண்டு இத்தாலிக்குச் சுற்றுலா வந்தவர்போல அந்தச் சுவருக்கு முன்னால் நின்றார். படம் ஊருக்குப் போனது. தாய் சாப்பிட்டார். அதன்பிறகு தொலைபேசியில் ஏரியைப் பற்றித்தான் கேட்பார். முதலாளி சொன்னதையெல்லாம் அண்ணை நேரில் பார்த்ததுபோலச் சொல்வார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

இலங்கையில் போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணப் பாதை திறந்தது. எங்கள் ஆட்கள் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். அந்த நேரம் பார்த்துத் தாய் இறந்தார். அண்ணை ஒரே மகன். ஜெர்மனியை விட்டு வெளியேறினால் திரும்பி வர முடியாது. அலுவலகத்தில் கெஞ்சியும் பார்த்தார். டுல்டுங் பற்றித் தங்கச்சியிடம் அன்றுதான் வாய் திறந்தார். அவள் நம்பவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கே அவள் குரல் கேட்டது.

“இத்தாலி சுத்திப் பாக்க ஏலும், அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வர ஏலாதோ?”

பக்கத்து வீட்டுக்காரரின் மகன் கொள்ளி வைத்தான்.

சில வருடங்களில் எனக்கு ஜெர்மன் கடவுச்சீட்டு கிடைத்தது. மனைவியோடு கோமோவுக்குப் போனேன். ஏரி சுவரில் இருந்ததைவிட அழகாக இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. படகிலிருந்து அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்கும் அப்போது ஜெர்மனியில் தங்கி வெளிநாடு போய்வரும் விசா கிடைத்திருந்தது. அடுத்த கோடைக்கு நீங்களும் வாங்கோ என்றேன்.

“நான் அங்கை போய்வந்த ஆள் எண்டுதானே ஊரிலை கதை,” என்றார். “இன்னொருக்கா எதுக்கடா?”

படகு பெலாஜியோவை நெருங்கியது. தோட்டப் படிகள் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. மனைவி கமராவை எடுத்து, என்னை இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள். அண்ணையை நான் நகர்த்தியதும் அதே பக்கம்தான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.