மைதீன் பாய் பூட்டிக் கொடுத்த இன்ஜின்

வாசலில் பால்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அதிராம்பட்டினத்திலிருந்து மைதீன் பாயின் மகள் பேசினாள். "டீச்சர், வாப்பா மௌத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுகைக்கு எழுப்பப் போனேன், எந்திரிக்கல." எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. போன வாரம் பேசியபோதுகூட, "பாப்பா, தொண்டை கட்டியிருக்கே, கசாயம் போட்டுக் குடிங்க" என்று எனக்கு வைத்தியம் சொன்ன மனிதர். தலை முழுக்க நரைத்த பிறகும் என்னைப் பாப்பா என்று கூப்பிட இனி ஆளில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அத்தர் வாசனையாகத்தான் இருக்கும். மெக்கானிக் என்றால் கறைபடிந்த காக்கி என்று நினைப்பவர்கள் கும்பகோணத்தில் அவர் ஷெட்டுக்கு வந்து ஏமாந்துபோவார்கள். சலவை வெள்ளைச் சட்டை, மடித்துவிட்ட கை, படிய வாரிய தலை. கொழும்பில் வெள்ளைக்காரன் கராஜில் தொழில் பழகியவர் என்கிற மிடுக்கு கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. யாராவது முன்னால் நின்று புகழ்ந்தால் மறுக்கவே மாட்டார், "இன்னும் சொல்லுங்க" என்பதுபோல நிற்பார். "வண்டியப் பாத்தாப் போதும், ஓட்டுனவனப் பாக்க வேண்டியதில்ல" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

என் அண்ணனின் வண்டியைப் பார்த்த அன்றும் அதைத்தான் சொன்னார். ஊர் முழுக்க அண்ணனை மைனர் என்றுதான் கூப்பிடும். சீமைக்குக் கப்பலேறிய ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து அவன் வாங்கி வந்த வண்டி அது. இரண்டே பேர் உட்காரலாம், மேலே துணிக்கூரை, தரையோடு தரையாகப் படுத்த பந்தயக் கார். ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்த புதிதில், திருப்பனந்தாள் பக்கம் அதை விரட்டிக்கொண்டு போய், ரேடியேட்டர் கொதித்து வழியில் நின்றிருக்கிறான். நம்மூர் ஆள் வேறென்ன செய்வான்? காவேரியில் புதுத் தண்ணீர், நல்ல சகுனம் என்று செம்புழுதி கலங்கிய வெள்ளத்தை மொண்டு, கொதிக்கிற இன்ஜினுக்குள் ஊற்றிவிட்டான். படீரென்று ஹெட் வெடித்தது. அதோடு விட்டானா, அதே நிலையில் வீடுவரை ஓட்டி வந்து பிஸ்டனையும் தீய்த்தான். வண்டி நெல் கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது, கோழி அதன் மேல் ஏறி உட்கார்ந்தது.

மார்கழிக் கடைசியில் திடீரென்று அதன் மேல் அண்ணனுக்குப் பாசம் வந்துவிட்டது. தை அறுப்புக்கு முன்னால் வண்டி ஓடியாக வேண்டும் என்றான். அது எப்படிப்பட்ட தை என்பதைச் சொல்ல வேண்டும். கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது. எங்கள் வீட்டிலும் கதர் வேட்டி போய்க் கரை வேட்டி வந்திருந்தது, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. அறுப்புக் கூலியாக அளக்கிற நெல்லைக் கூட்டிக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்கவில்லை. சம்பா முற்றித் தலை சாய்ந்து உதிரத் தொடங்கியது. வெளியூரிலிருந்து ஆள் இறக்கியிருந்தார்கள். எங்கள் களத்தில் அவர்கள் கும்பலாகப் படுத்திருப்பார்கள், பக்கத்திலேயே கம்புகள் சாத்தியிருக்கும். போலீஸ் ஜீப் வரும், காபி குடிக்கும், போய்விடும். அம்மா பின்கட்டுக் கதவை மத்தியானத்திலேயே தாழ்போட ஆரம்பித்தாள். யாரும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் ஏதோ நடக்கப்போகிறது என்று வீட்டில் பாத்திரம் துலக்குகிறவளுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

பாய் கொட்டகைக்கே வந்து வேலை செய்தார். குறுக்கு உத்தரத்தில் செயின் பிளாக்கை மாட்டி இன்ஜினைத் தூக்கினார். சங்கிலி கடகடவென்று ஓட, அந்தக் கறுத்த இரும்பு மெல்ல மேலே வந்து தொங்கியதை வெளியூர் ஆட்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். உள்ளே ஆற்று வண்டல் சுட்ட மண்ணாகப் படிந்திருந்தது. "காவேரித்தாய உள்ள வச்சே சமைச்சிட்டாரு மைனரு" என்று பாய் சொல்ல, நான் சிரித்துவிட்டேன். காலேஜ் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வேலை நடக்கிற இடத்தில் வேடிக்கை பார்க்க ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டேன், பாயும் விரட்டவில்லை.

தொல்லை ரிங்கில் வந்தது. பிஸ்டனைச் சுற்றி மாட்டுகிற அந்த இரும்பு வளையம் அந்த வண்டிக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. பாய் வேறொரு வண்டியின் பெரிய ரிங்கை வாங்கி வந்து, முனைகளை அரத்தால் ராவி அளவுக்குக் கொண்டுவந்தார். வளையத்தின் இரண்டு முனைக்கும் நடுவே சந்து வேண்டும் என்று எனக்கு விளக்கினார். "போஸ்ட் கார்டு நுழையணும் பாப்பா. சூடானா இரும்பு நீளும். சந்து இல்லேன்னா முனையும் முனையும் முட்டிக்கும். அப்பறம் பிஸ்டன் சுவத்தக் கவ்விக்கிட்டு நின்னுடும்."

அன்று கொட்டகையில் வேறு யாரும் இல்லை. ராவிக்கொண்டே, "ஆறு மாசமா கோழி குந்துன வண்டிக்கு இப்ப என்ன இவ்வளவு அவசரம்?" என்று கேட்டார். நான் சொல்லிவிட்டேன். முந்தின நாள் காபி கொண்டுபோனபோது அண்ணனும் எங்கள் பண்ணையைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரரும் பேசியது என் காதில் விழுந்திருந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கத்தை எங்கள் ஊரில் நடத்தியவர் வேம்பையன். பக்கத்து ஊர்க் கூட்டம் முடிந்து பொழுது சாய ஆற்றங்கரை வழியாகச் சைக்கிளில் திரும்புவார். பின்னாலிருந்து இடித்தால் நேரே ஆற்றில். யாரும் விஷயம் அறிவதற்குள் அண்ணன் தஞ்சாவூரில் ஒரு கல்யாண வரவேற்பில் சந்தனம் பூசிக்கொண்டு நிற்க வேண்டும். நாளும் குறித்தாயிற்று. அதற்குத்தான் அந்த வேகமான வண்டி. "என்னமாச்சும் செய்யுங்க பாய்" என்றேன்.

அவர் ரிங்கை சிலிண்டருக்குள் வைத்துப் போஸ்ட் கார்டை எடுத்து நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. நான் அவர் மறுபடி அரத்தை எடுப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. அரத்தைத் துணியில் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அந்த ரிங்குகளையே மாட்டத் தொடங்கினார். "நீங்க எதையும் பாக்கல பாப்பா. யார்கிட்டயும் சொல்லவும் கூடாது, மைனரு இருக்கிற வரைக்கும்" என்றார். அவர் நெற்றியில் வியர்வை ஓடியது, சட்டையில் முதல்முறையாகக் கிரீஸ் பட்டிருந்தது.

வண்டியை ஒப்படைத்த அன்று களத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார். "மைனர், நல்லாக் கேட்டுக்குங்க. புது இன்ஜின், பழகணும். ஆயிரம் மைலுக்கு முப்பதத் தாண்டவே கூடாது. காரியக்காரரய்யா, நீங்களும் கேட்டுக்கிட்டீங்கள்ல?" காரியக்காரர் தலையாட்டினார். அண்ணன் சிரித்தான். "பொம்பளையாட்டம் பயப்படுறீரே பாய்" என்றான். களத்தைச் சுற்றி மெதுவாக இரண்டு வட்டம் வந்தான். இன்ஜின் பூனைக்குட்டிபோல முனகியது. ஐயோ, இவ்வளவு ஒழுங்காக ஓடுகிறதே என்று இருந்தது எனக்கு.

மறுநாள் சாயங்காலம் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு அண்ணன் கிளம்பினான். நான் கொல்லையில் நின்றேன். வயல்வெளி தாண்டி ஆற்றங்கரையில் வண்டிச் சத்தம் நிதானமாகப் போவது கேட்டது. கொஞ்ச நேரம் அப்படியே போயிற்று. பிறகு சத்தம் திடீரென்று ஏறியது, ஏறிக்கொண்டே போயிற்று. அவன் சைக்கிளைப் பார்த்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை. கிறீச்சென்று ஒரு அலறல், இரும்பா மனிதனா என்று சொல்ல முடியாத அலறல். அதோடு எல்லாம் அடங்கிவிட்டது. கொக்குக் கூட்டம் ஒன்று எழுந்து பறந்தது. யார் செத்தார்கள் என்று தெரியாமல் நான் வேலிப்படலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு கடைத்தெருப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. வாசலுக்கு ஓடினேன். கார் வந்துகொண்டிருந்தது, சத்தமில்லாமல். உள்ளே பட்டு வேட்டியோடு அண்ணன், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் குனிந்து தள்ளிக்கொண்டு வந்தவர் வேம்பையன். அவர் சைக்கிளை வேறு யாரோ உருட்டி வந்தார்கள். ஊரே இரண்டு பக்கமும் நின்று பார்த்தது. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "ஐயா வண்டி வழியில நின்னுபோச்சு. கரையில தனியா விட்டுட்டு வர மனசில்ல" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

காலையில் பாயைக் கூட்டிவரச் சொல்லி ஆள் போயிற்று. அண்ணன் குதித்த குதிக்குக் களத்து நாய்கூட ஓடிவிட்டது. பாய் வெள்ளைச் சட்டையில் அமைதியாக நின்றார். "முப்பதத் தாண்டாதீங்கன்னு சொன்னேனா இல்லையா? எவ்வளவு வேகத்துல போனீங்க மைனர்? தஞ்சாவூருக்குப் போறவரு அந்தக் கரைமேல எதுக்குப் போனீங்க?" அண்ணன் விருட்டென்று உள்ளே போய்விட்டான். காரியக்காரர் தரையைப் பார்த்தார். பாய் போன பிறகு அவர் அண்ணனிடம் மெல்லச் சொன்னது இது: "இனிமே அந்த வேம்பையன் பயலுக்குத் தும்மல் வந்தாலும் நம்ம தலையிலதான் தம்பி விழும். விட்டுடுங்க." அந்த அறுப்பில் கூலி பேசித் தீர்ந்தது. எல்லா ஊரிலும் அப்படித் தீரவில்லை என்பதை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பாய்க்குத்தான் பெரிய வீட்டு வேலைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. ஷெட்டைக் காலி செய்துகொண்டு அதிராம்பட்டினம் போய், மீன் லாரிகளுக்கு இன்ஜின் பார்த்தார். நான் வேலைக்குப் போன பிறகு அங்கே அடிக்கடி போவேன். ஒருமுறை கேட்டேன்: "அண்ணன் நீங்க சொன்ன மாதிரி முப்பதுலயே போயிருந்தா?" அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "முப்பதுல போற மனுசன் எதுக்கு பாப்பா ஆள் மேல வண்டிய ஏத்தப் போறான்?" பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "ஆனா நிக்கும்னு எனக்கு நிச்சயம் கெடையாது. நின்ன எடத்துல மைனரு கவுந்தும் போயிருக்கலாம். இன்னமும் அந்தச் சத்தம் தூக்கத்துல வருது." அண்ணன் கடைசிவரை அவரைத் திட்டிக்கொண்டே செத்தான். கையில் ரத்தமில்லாமல் செத்தான்.

அடக்கத்துக்குப் போனபோது வேம்பையனும் வந்திருந்தார். முதுகு வளைந்துவிட்டது, துண்டு மட்டும் அதே சிவப்பு. பள்ளிவாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். அண்ணனும் இல்லை, பாயும் இல்லை, இனி இவரிடம் சொல்லிவிடலாம் என்று நான் அந்த ரிங் கதையை ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"தெரியும் டீச்சர். அதுக்கு மொத நாளே, பட்டப்பகல்ல பாய் எங்க தெருவுக்கு நடந்து வந்து சொல்லிட்டாரு. 'நாளைக்கு உன் பின்னால கார் வரும். நிக்கும்னு நெனைக்கிறேன். நின்னா ஓடாத. திரும்பிப் போயித் தள்ளு. கடைத்தெரு வழியாத் தள்ளு, நாலு பேரு பாக்கட்டும்'னாரு."

"நெனைக்கிறேன்னா சொன்னாரு?"

"ஆமா. நிச்சயம்னு சொல்லல."

"அப்பறம் எந்தத் தைரியத்துல போனீங்க? அன்னிக்கு வீட்டுலயே இருந்திருக்கலாமே."

"இருந்திருக்கலாம். வேற ஒரு நா ஜீப்பு வரும், சொல்லாம வரும். எனக்கு வந்ததுலயே இது ஒண்ணுதான் டீச்சர் சொல்லிட்டு வந்த வண்டி."

எனக்கு அங்கேயே நின்று அழத் தோன்றியது, அழுதேன். அந்தத் தையில் வேம்பையனுக்கு ஆபத்து என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும், களத்தில் படுத்திருந்தவர்களுக்குத் தெரியும், காபி குடித்துவிட்டுப் போனவர்களுக்கும் தெரியும். பாயிடம் சொன்னதோடு என் பங்கு முடிந்தது என்று நானும் இருந்துவிட்டேன். எங்கள் கொல்லையிலிருந்து வேம்பையன் தெருவுக்கு ஒரு களத்தையும் ஒரு மதகையும் தாண்டினால் போதும். அத்தனை கம்புகளுக்கு நடுவே, பட்டப்பகலில், அத்தர் மணக்க அந்தத் தெருவுக்கு நடந்துபோய், "உன்னைக் கொல்ல வருகிறார்கள்" என்று அந்த ஆளிடமே சொன்னவர் மைதீன் பாய். பாயிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அந்த நடையை.