பாலத்திலே போ

அந்த உலகத்தில் ஆற்றைக் கடக்க ஒரே வழிதான் இருந்தது. கரையில் வந்து நின்று akkarai என்று தட்ட வேண்டும். ஓடக்காரர் ஏறு என்பார். ஏறி உட்கார வேண்டியதுதான்.

உலகம் என்றால் கணினிக்குள் இருந்த உலகம். எங்கெங்கோ இருக்கிறவர்கள் இணையம் வழியாக ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து, ஆளுக்கொரு வேடம் போட்டு வாழ்ந்த பழைய விளையாட்டு அது. ஓடக்காரர் நிஜத்தில் பேனர் அச்சடிக்கும் கடையில் எழுத்துக் கோர்க்கிறவர். நீச்சல் தெரியாது. பக்கெட் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரோடு அவருக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

இப்போது வருகிற விளையாட்டுகளில் உள்ளே கால் வைத்ததுமே தலைக்கு மேல் ஒரு அம்புக்குறி முளைத்துவிடுகிறது. இங்கே போ, அவனை வெட்டு, இதைப் பொறுக்கு, சபாஷ். பள்ளிக்கூடமே தேவலை. அந்தப் பழையது அப்படியில்லை. நடுக்காட்டில் இறக்கிவிட்டுவிட்டு, செத்தாயா பிழைத்தாயா என்றுகூடக் கேட்காது. சண்டை பிடிக்கிறவர்கள் சண்டை பிடித்தார்கள். ரொட்டி சுடுகிறவர்கள் சுட்டார்கள். ஒரு மனிதர் சந்தைத் தெருவில் உட்கார்ந்து, அடுத்தவர்களின் வம்புக்குப் பொய்ச்சாட்சி சொல்லியே நன்றாகப் பிழைத்தார்.

நம்மவருக்கு வாள் பிடிக்க வரவில்லை. முதல் நாளே ஓநாய் துரத்தி, விழுந்தடித்து ஓடி, கேட்பாரற்றுக் கிடந்த ஓடம் ஒன்றில் ஏறித் தப்பினார். எதிர்க்கரையில் இறங்கியபோது அங்கே இரண்டு பேர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்கள். "எங்களையும் அந்தப் பக்கம் விட்டுடுங்களேன்." அதோடு தொழில் அமைந்துவிட்டது. விளையாட்டைச் செய்தவர்களே இப்படியொரு பிழைப்பை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆறு அகலமானது. கொதிக்கிற டீயைக்கூட ஆற்றி மெதுவாகக் குடித்து முடித்துவிடலாம், ஓடம் போய்ச் சேராது. அதுவரை பேசுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. அப்போது அந்த விளையாட்டுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எல்லாரும் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் பேசினார்கள். படிக்கிறவர்களின் வசதிக்காக அந்தப் பேச்சையெல்லாம் நாம் இங்கே தமிழிலேயே எழுதிக்கொள்வோம், அந்த ஒரு சொல்லைத் தவிர.

தினமும் ஏறியவர்களில் ஒருத்தி உப்புக்காரி. இந்தக் கரையில் உப்பு அள்ளி மூட்டையாகக் கட்டி அந்தக் கரையில் கொண்டுபோய் விற்பாள். லாபம் ஒன்றும் இல்லை. "அந்தப் பக்கம் உப்பே இல்லையாம், கேக்கவே பாவமா இருந்துச்சு" என்றாள், ஏன் என்று கேட்டதற்கு. அப்படிப்பட்ட ஆள்.

முகம் தெரியாது, நிஜப் பெயர் தெரியாது. சித்தப்பாவின் அலுவலகத்தில் எல்லாரும் சாப்பிடப் போகும் நேரத்தில் கணினி முன்னால் உட்காருகிறாள் என்று தெரியும். தும்மினால் அடுத்தடுத்துத் தும்முவாள் என்று தெரியும். "இரு, தும்மிட்டு வரேன்" என்று நடு ஆற்றில் காணாமல் போவாள். ஓடக்காரர் துடுப்பைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். அவள் வரும் நேரத்துக்குத் தகுந்தாற்போல அவர் தன் சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டார். பூசி மெழுகாமல் சொன்னால், அவருக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளுக்கும் அவரை. ரெண்டு பேரும் வாய் திறக்கவில்லை. நாளைக்கும் ஆறு இருக்கும், அவசரம் என்ன என்றுதான் இருந்தார்கள்.

பிறகு பாலம் வந்தது.

விளையாட்டை நடத்துகிறவர்கள் அறிவிப்பு ஒட்டினார்கள். பயணம் ரொம்ப மெதுவாக இருக்கிறதாம், பலரும் பாதியில் போய்விடுகிறார்களாம், அடுத்த மாற்றத்தில் ஆற்றின் மேல் பாலமாம். அன்றைக்குக் கரையில் ஒரே கூட்டம். ஆளாளுக்குக் கத்தினார்கள். சிலர் ஓடக்காரருக்காக வரிந்து கட்டிக்கொண்டு வந்தார்கள், சிலர் அப்பாடா என்றார்கள்.  அப்பாடா என்றவர்களோடு ஓடக்காரர் மல்லுக்கு நின்றார். திரையில் பேச்சு வரிகள் மேலே மேலே ஓடிக்கொண்டிருந்தன. அதற்கு நடுவில் உப்புக்காரியின் வரியும் ஓடியது.

"வீட்டுல என்னை அக்கா ஊருக்கு அனுப்புறாங்க. அங்க கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

பார்த்தார். இந்தக் கூச்சல் அடங்கட்டும், ஆற அமரப் பேசலாம் என்று நினைத்தார். இன்னொருவன் பாலத்தைப் புகழ்ந்து ஏதோ எழுதினான். அவனுக்குப் பதில் எழுதப் போனார். திரும்ப அவள் வரி வந்தது. "நான் போறேன்னு சொல்றேன், நீ ஒண்ணுமே சொல்லல." கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"இனி akkarai இல்லையா?"

ஓடம் நின்றுபோகிறதே என்று அவளும் வருத்தப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். ஊரெல்லாம் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தது. இருந்த எரிச்சலில் படபடவென்று தட்டினார். "இல்ல. எல்லாம் முடிஞ்சது. நீ பாலத்திலே போ."

அவள் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். உப்பு மூட்டையைக் கரையில் இறக்கி வைத்தாள். மறைந்தாள். அதற்குப் பிறகு வரவேயில்லை. பாலம் வந்தது, கூட்டம் கலைந்தது, பின்னால் அந்த விளையாட்டையே மூடினார்கள். ஓடக்காரருக்குக் கல்யாணம் ஆனது, முன்மண்டை வழுக்கையானது. உப்புக்காரி போனதற்கும் அந்தப் பாலம்தான் காரணம் என்று அவர் அதைக் கரித்துக்கொட்டிக்கொண்டே இருந்தார். ரோட்டில் நிஜப் பாலத்தில் பஸ் ஏறினால்கூட முகம் சுளிப்பார்.

இத்தனை வருஷம் கழித்து அந்த விளையாட்டைத் திரும்பத் திறக்கிறார்கள் என்று செய்தி வந்ததும் மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழைய உலகம், பழைய பெயர்கள், பாலம் வருவதற்கு முந்தைய ஆறு, ஒரு எழுத்துகூட மாற்றாமல் அப்படியே. பழைய ஆட்டக்காரர்கள் கூடும் குழுக்களில் எல்லாம் போய் எழுதினார். "அக்கரை போகலாம் வாங்க." "அக்கரை ஓடம் மறுபடி ஓடுது." கடையில் சும்மா இருக்கும் நேரமெல்லாம், கடைக் கணினியிலேயே. எத்தனை பேர் படித்தார்களோ, அவருக்குத் தேவை ஒரு ஆள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே உள்ளே போய்க் கரையில் உட்கார்ந்தார். மனைவி பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கிறவள், வாய்ப்பேச்சில் கெட்டிக்காரி. காபியைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, உங்க ஆறு இன்னும் வத்தலையா?"

"கிண்டல் பண்ணாதே. பழைய ஆளுங்க எல்லாம் வருவாங்க."

"வரட்டும். வந்தா சாப்பாட்டுக்கு இருக்கச் சொல்லாதீங்க."

வந்தார்கள்தான். ஆனால் வந்தவர்கள் வேறு மாதிரி இருந்தார்கள். எல்லாருக்கும் வயதாகிவிட்டது, நேரம் இல்லை. எந்த ஊரில் எது கிடைக்கும் என்று வேறெங்கோ படித்துவிட்டு, அதை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஒருவன் ஓடத்தில் ஏறியதும், "அண்ணா, இதுல போனா என்ன கிடைக்கும்?" என்று கேட்டான். "akkarai கிடைக்கும்" என்றார் ஓடக்காரர். அவன் இறங்கிப் போய்விட்டான். இன்னொருத்தி பேச்சே கொடுக்கவில்லை. ஓடக்காரரை ஆள் என்றே அவள் நினைக்கவில்லை, விளையாட்டோடு வந்த பொம்மை என்று நினைத்துவிட்டாள். பொய்ச்சாட்சிக்காரர் ஒரே ஒரு நாள் தலை காட்டி, "முதுகு வலிக்குதுப்பா, உக்கார முடியல" என்று சொல்லிவிட்டுப் போனவர் போனவர்தான்.

உப்புக்காரியின் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தால், அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று விளையாட்டு பதில் சொன்னது. இன்னும் வரவில்லை, வருவாள் என்று அதற்கு இவர் அர்த்தம் செய்துகொண்டார்.

அந்த வாரத்தில்தான் கடையில் பேனர் தகராறு. வீட்டுக்கே போய் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் சேவை ஒன்றை நடத்துகிற நர்ஸம்மா கொடுத்த வேலை அது. பெரிய பேனர். அச்சாகி, மடித்து, கட்டிக் கொடுத்தும் ஆகிவிட்டது. நர்ஸம்மா அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்ப வந்து, மேஜை மேல் விரித்துப் போட்டார். "உங்கள் பெற்றோர் மீது எங்களுக்கு அக்கரை" என்று ஆளுயரத்தில் எழுதியிருந்தது.

"தம்பி, நாங்க என்ன ஆத்துக்கு அந்தப் பக்கமா இருக்கோம்? பெத்தவங்க மேல எங்களுக்கு அக்கரையாம்! படிக்கிறவங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறாங்க."

அச்சு மெஷின்காரர் உள்ளே திரும்பிக்கொண்டு சிரித்தார். முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அக்கறைக்கு வல்லின ற போடணும்னு தெரியாதா? எத்தனை வருஷமா இங்க எழுத்துக் கோக்கறீங்க?"

"தெரியும்மா. மெஷின் பண்ற வேலை இது. நாம இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா அதுவா தமிழாக்கும். போன தடவை எதை எடுத்தோமோ அதையே முதல்ல காட்டும். நான் அவசரத்துல பாக்கல. ரெண்டுக்கும் ஒரே மாதிரிதானே அடிக்கணும், akkarai னு அடிச்சா..."

அங்கேயே நின்றுவிட்டார். 

இனி அக்கறை இல்லையா?

இல்ல. எல்லாம் முடிஞ்சது. நீ பாலத்திலே போ.

"என்ன சார், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? ஒரு எழுத்துதானே, ஒட்டுப் போட்டு மறைச்சிடலாம்" என்றார் மெஷின்காரர். நல்ல மனிதர். வெள்ளைத் துண்டு வெட்டி, ற அச்சடித்து, ர மேல் கச்சிதமாக ஒட்டியும் கொடுத்தார். நர்ஸம்மா தடவிப் பார்த்துவிட்டுச் சமாதானமாகிப் போனார். ஓடக்காரர் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். வீட்டார் அனுப்பியதாலோ, பாலம் வந்ததாலோ உப்புக்காரி அப்படிப் போகவில்லை. வாய்விட்டு ஒன்று கேட்டாள், இவர் மூஞ்சியில் அடித்தாற்போல் பதில் சொன்னார். உப்பு மூட்டையைக் கீழே வைக்கும் முன் நின்றாளே, அந்தக் கொஞ்ச நேரம் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் விளையாட்டைத் திறந்தார். வாசலிலேயே அறிவிப்பு. திரும்பி வந்த ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்களாம், பெருவாரியானவர்கள் கேட்டுக்கொண்டபடி ஆற்றின் மேல் பாலம் வருகிறதாம். பழைய உலகம் வேண்டும் என்று மூக்கால் அழுதவர்களே கேட்டு வாங்கிய பாலம். இந்தத் தடவை ஓடக்காரர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. கரையில் சண்டை போடவும் ஆள் இல்லை.

படகுத்துறையில் அவருக்கென்று ஒரு பலகை உண்டு. இரண்டு சொல்லுக்கு மேல் அதில் இடம் கிடையாது. அதில் தமிழில் அக்கறை இருக்கு என்று எழுதிப் பார்த்தார். வரிசையாகக் கேள்விக்குறிகள் விழுந்தன. பழைய உலகத்தை ஒரு எழுத்துகூட மாற்றாமல்தானே கொண்டுவந்திருந்தார்கள். கடைசியில் அவர் எழுத முடிந்தது AKKARAI IRUKKU மட்டும்தான். எழுதிவிட்டுத் தள்ளி நின்று படித்தார். ஓடம் உண்டு என்றுதான் இருந்தது. அவளே வந்து நின்று படித்தாலும் அப்படித்தான் இருக்கும்.

"சாப்பிட வாங்க" என்றாள் மனைவி, கதவருகில் வந்து. கிட்டே வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் செய்யவில்லை. "உங்க ஆத்துல யாராவது போயிட்டாங்களா?"

"ம்."

"எப்போ?"

"ரொம்ப நாளாச்சு. இன்னிக்குத்தான் தெரிஞ்சது."

அவள் அவர் தோளில் கொஞ்ச நேரம் கை வைத்திருந்தாள். பிறகு தட்டை மூடி வைக்கப் போனாள்.

திரையில் யாரோ ஒரு ஆள் கரையோரமாக ஓடி வந்தான். புது ஆள், பளபளவென்று கவசம். பலகைக்கு முன்னால் நின்றான், படித்தான். ஓடக்காரர் துடுப்பை எடுத்தார், பழக்கதோஷம். அந்த ஆள் தட்டினான்.

"பாலம்தான் வருதே. இனி எதுக்கு akkarai?"

இந்த முறை ஓடக்காரர் அதை இரண்டு விதமாகவும் படித்தார்.  கொஞ்சம் பொறுத்து, ஏறு என்று தட்டினார். அதற்குள் அந்த ஆள் போய்விட்டிருந்தான்.