மூன்று விரல் கண்ணி

பழைய சைக்கிள் பிரேக் கம்பியின் ஒரு முனையை மடித்துச் சின்ன வளையமாக்கி, மறுமுனையை அதற்குள் நுழைத்து இழுத்துப் பார்த்தன கைகள். கண்ணி வழுக்கிக்கொண்டு சுருங்கியது. இனி தடைமுடிச்சு. அது விழுகிற இடத்துக்கு மேல் கண்ணி இறுகாது. வேலையின் சூட்சுமமே அதில்தான். நரியின் கால் ஒல்லி. இரண்டு விரல் நுழையும் அளவில் நிறுத்த வேண்டும். பெரிதாக விட்டால் உருவிக்கொண்டு போய்விடும். அந்த அளவில் நாய் மாட்டினாலோ, கம்பி எலும்புவரை இறங்கிவிடும்.

வேண்டாவின் விரல்கள் முடிச்சிடாமல் நின்றன.

"இன்னாமே, தூங்கிட்டியா?" என்றாள் எதிரே குந்தியிருந்த சந்திரம்மா. கடப்பாக்கம் சவுக்குத் தோப்பை ஒட்டி ஆடு வளர்ப்பவள். "மூணு குட்டி போச்சு. கறியில குருணை மருந்து கலந்து வெக்கிறேன்னு எம்புள்ள குதிச்சிகினு கீறான். வேண்டா கண்ணி கட்டித் தருவா, அந்த நரிய உசுரோட புடிச்சிரலாம்னு நாந்தான் அடக்கி வெச்சிருக்கேன்."

காலையிலேயே பட்டியைச் சுற்றித் தடம் பார்த்துவிட்டு வந்திருந்தாள் வேண்டா. நரித்தடம் ஒடுக்கமாக, நீளமாக இருக்கும். இது அகலம். இடது முன்னங்காலில் ஒரு நகம் பதியவில்லை. கண்ணாடிச் சில்லு அந்த நகத்தைக் கொண்டுபோனபோது மஞ்சள் வைத்துக் கட்டியவள் அவள்தான்.

செவலை, அவள் புருஷன் அப்பாசாமியின் நாய். சில மாதம் முன்பு, தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஐப்பசி மழையில், கழிவெளி ஏரிக்குக் கையால் தடவி இறால் பிடிக்கப் போனவன் வெள்ளத்தோடு போனான். உடம்பு வேறு பக்கம் ஒதுங்கியது; அங்கிருந்தே எடுத்து அடக்கம் செய்தார்கள். நாய்க்கு அது தெரியாது. அவன் இறங்கிய கரையிலேயே உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டால் வந்து கையை நக்கிவிட்டுத் திரும்பிவிடும். சோறு கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் காய்ச்சலில் படுத்துவிட்டாள். எழுந்து போனபோது கரையில் நாய் இல்லை.

மூன்று விரல் நுழைத்து முடிச்சை இறுக்கினாள்.

"நரிக்கு இம்மாம் பெருசா? கன்னுக்குட்டியா புடிக்கப் போற?"

"நரி இல்லக்கா. எங்க வூட்டு நாயி."

சந்திரம்மாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "அடிப்பாவி. நீ சொல்லலன்னா எனக்குத் தெரியவா போவுது?"

"சின்னதா கட்டினா கால் போயிரும். கட்டவே இல்லன்னா மருந்து வெச்சிருவீங்க."

மனுஷ வாடை பட்ட கண்ணிக்கு நரி கிட்டே வராது. கட்டி முடித்ததும் புழுக்கை கலந்த சேற்றில் அதைப் புரட்டி எடுப்பது அப்பாசாமியின் பழக்கம். சேறு பக்கத்துச் சட்டியில் குழைத்துத் தயாராக இருந்தது. வேண்டா சட்டியைத் தள்ளி வைத்தாள். கம்பியை உள்ளங்கையில் பொத்தி, முனையிலிருந்து முனைவரை மெதுவாக உருவினாள். மறுபடியும் உருவினாள். இந்த வாடைக்கு அது வரும்.

"மாட்டினா ஆளனுப்பு. உம்புள்ள தடி எடுக்கக் கூடாது. நானே வந்து அவுத்துக்கிறேன்."

"அப்பால இன்னா பண்ணுவ?"

"வூட்ல கட்டிப்போடுவேன்."

அப்பாசாமி அதை ஒருநாளும் கட்டிப்போட்டதில்லை.

கண்ணியைச் சுருட்டி, இரண்டு கையாலும் சந்திரம்மாவிடம் கொடுத்தாள்.