இரண்டு நெட்டும் ஒரு கிணறும்

காலை ஆறு பத்து. முதலில் கண்ணில் பட்டது தம்பியின் போனில் சாம்பல் நிறமாகிக் கிடந்த ஒரு கட்டம். மோட்டாருக்கான கட்டம் அது. ஓடினால் மஞ்சள், நின்றால் வெள்ளை. சாம்பல் என்றால் மோட்டாரின் சுவிட்ச் வீட்டிலுள்ள கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம்.

"பாத்தயாக்கா, மறுபடியும் வயரைப் புடுங்கியுட்டாரு," என்றான் தம்பி. யாரென்று சொல்லவில்லை.

மாநில எல்லையிலுள்ள வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு. கிணறு எங்களுக்கும் பெரியப்பா மகனான அண்ணனுக்கும் பொது. ஒருநாள் எங்கள் முறை, மறுநாள் அவர் முறை. மோட்டார் ஒன்று, பம்ப் ரூம் சாவி ஆளுக்கொன்று. தம்பி வீட்டில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி வைத்து விளக்கு, கேட், மோட்டார் எல்லாவற்றையும் அதில் இணைத்தான். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. அவர் எவ்வளவு நேரம் தண்ணீர் எடுத்தார் என்பதும் எங்கள் போனில் தெரிந்தது. "எம்பட முறைக்கும் உன்ற போனுதான் காவலா?" என்று ஒருமுறை கேட்டார்.

ஒரு மாதமாகக் கட்டம் அடிக்கடி சாம்பலாகிறது. எங்கள் முறையன்றுதான் அப்படி ஆகிறது என்றான் தம்பி. அண்ணன் முறையன்று காலையில் அவன் போனைத் திறப்பதே இல்லை. போய்ப் பார்த்தால் வயர் இடத்திலேயே இருக்கும். நாம் வருவதற்குள் மாட்டிவிட்டார் என்பான். பம்ப் ரூம் பக்கத்து ஈர மண்ணில் செருப்புத் தடத்தை நானும் பார்த்தேன். அது அண்ணன் தினமும் பால் கொண்டுபோகும் வழி. இருந்தாலும் சந்தேகம் எனக்கும் போகவில்லை.

முந்தின நாள் தம்பி வேலந்தாவளத்தில் புதுப் பூட்டு வாங்கிவந்து பம்ப் ரூமுக்குப் போட்டிருந்தான். இரண்டு சாவியும் அவனிடமே. சாவி இல்லாவிட்டால் கிணற்றில் அண்ணனுக்குப் பாதி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நாங்கள் போனபோது அண்ணன் மண்வெட்டியோடு பூட்டைப் பார்த்து நின்றிருந்தார்.

"ஏன்டா, போன்லயே தண்ணி பாச்சறவனுக்குப் பூட்டு எதுக்குடா?"

"வயரைப் புடுங்கறவங்களுக்குத்தானுங்க."

"அம்மிணி, நீ கேட்டுக்க. எங்கப்பனும் உங்கப்பனும் சேந்து வெட்டுன கெணறு இது."

தம்பி பூட்டைத் திறந்தான். வயர் மாட்டியே இருந்தது. சுவிட்சின் சின்ன விளக்கு எரிந்தது. வீட்டு வைஃபையோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது என்று அர்த்தம். பூட்டிய அறைக்குள் யாரும் வந்திருக்கவும் முடியாது.

"சன்னல் இருக்குதில்ல," என்றான் தம்பி. சன்னலில் கம்பி இருந்தது.

வீட்டுக்கு வந்து பெட்டியின் செட்டிங்ஸைத் திறந்தேன். அதில் இரண்டு நெட் காட்டியது. ஒன்று வீட்டு ரூட்டரிலிருந்து வயரில் வருவது. மற்றது ஒரு டாங்கிள். காற்றடித்தால் ரூட்டருக்கு வரும் கேபிள் அறுந்துபோகிறது என்று ஒரு மாதத்துக்கு முன் தம்பி செருகியது; எல்லைக்கு அந்தப் பக்கத்து டவரில் எடுக்கும் சிம் போட்டது. எங்கள் ஊரில் எல்லோருடைய போனிலும் இரண்டு பக்கத்து சிம்மும் இருக்கும். அதே பழக்கத்தில் பெட்டிக்கும் இரண்டாகக் கொடுத்துவிட்டான்.

எந்த நெட் என்பதைப் பெட்டியே தேர்ந்துகொள்ளும்படி விட்டிருந்தது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் அது புதிதாக ஆரம்பித்து, வெளியே போக வழியுள்ள நெட்டை எடுத்துக்கொள்ளும். கேபிள் அறுந்திருந்தால் டாங்கிள். பிறகு மோட்டாரையும் டாங்கிள் பக்கமே தேடும். மோட்டார் இருப்பதோ வீட்டு வைஃபையில்.

தானாகத் தேர்வதை நீக்கி, இரண்டு நெட்டிலும் தேடும்படி குறியிட்டேன். பெட்டியை ஆஃப் செய்து போட்டதும் கட்டம் வெள்ளையானது. தொட்டேன், மஞ்சள். தோப்பில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

தம்பியிடம் காட்டினேன். 

"செரி, இன்னைக்கு இதுன்னே வெச்சுக்கலாம். போன வாரம்?"

அதற்குப் பிறகு கட்டம் சாம்பலாகவில்லை. பம்ப் ரூமில் புதுப் பூட்டு தொங்குகிறது. தன் முறையன்று காலையில் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து சாவி வாங்கிக்கொண்டு போகிறார்.